கிட்ட இருந்து பார்க்கும் நாடகம்

யாழ்ப்பாணத்துப் பகிடி உரத்த குரலில் சொல்லப்படுவதில்லை. கல்யாண வீட்டுப் பந்தலின் மூன்றாவது வரிசையில் இருக்கும் பெரியவர் ஒருவர், மாப்பிள்ளையின் தகப்பனாரைப் பற்றி முகத்தில் ஒரு கோடும் அசையாமல் ஒரு வசனம் சொல்வார். அவருக்கு இருபக்கமும் இருப்பவர்கள் குனிந்து சால்வையால் வாயைத் துடைத்துக்கொள்வார்கள். முன்வரிசைக்கு அது எட்டாது, எட்டவும் கூடாது. அதே வசனத்தை அறுநூறு பேர் கொள்ளும் மண்டபத்தில் கடைசிக் கதிரைக்கும் கேட்கும்படி ஒருவர் சொன்னால் அதில் நக்கல் போய்ச் சத்தம் மட்டும் மிஞ்சும். எங்கள் ஊர் நகைச்சுவை நாடகங்கள் பலவற்றில் நான் காண்பது இதைத்தான். நடிகர்களிடம் குறையில்லை, எழுதுபவர்களிடமும் அவ்வளவு குறையில்லை. அவர்களுக்குக் கொடுக்கப்படும் இடம்தான் அவர்கள் சொல்ல வந்ததற்குப் பெரிதாகப் போய்விடுகிறது என்பது என் எண்ணம்.

யாழ்ப்பாண நகரில் மண்டபத்துக்குப் பஞ்சமில்லை. வீரசிங்கம் மண்டபம் இருக்கிறது. பல்கலைக்கழகத்தில் கைலாசபதி கலையரங்கு இருக்கிறது. பொதுநூலகத்துக்கு அருகே இந்திய உதவியுடன் கட்டப்பட்டு 2023இல் மக்களிடம் கையளிக்கப்பட்ட கலாசார மையத்தில் அறுநூறு பேர் அமரக்கூடிய அரங்கு இருக்கிறது. இவற்றில் நாடகம் பார்த்தவர்களுக்கு மேடையின் முன்விளிம்பில் நிற்கும், அல்லது மேலிருந்து தொங்கும், ஒலிவாங்கிகளைத் தெரியாமல் இராது. நாடகத்தின் உண்மையான நெறியாளர் அந்த ஒலிவாங்கிதான். கணவனும் மனைவியும் வீட்டுக்குள் சண்டை பிடிக்கும் காட்சியில் இருவரும் ஒருவரையொருவர் பார்க்காமல், மேடையின் விளிம்புக்கு வந்து, ஒலிவாங்கிக்கு நேரே வாயை வைத்துச் சண்டை பிடிப்பார்கள். சமையலறையில் நிற்கவேண்டிய மாமி, தன் வசனம் வரும்போது இரண்டு அடி முன்னுக்கு வந்து சொல்லிவிட்டுத் திரும்பிப் போவார். பாடசாலைப் பிள்ளைகளுக்குத் தமிழ்த்தினப் போட்டிக்குப் பழக்கும் ஆசிரியர்கள் முதலில் சொல்லிக்கொடுப்பதே இந்த நடையைத்தான். பத்து வயதில் பழகிய அந்த நடை பல்கலைக்கழகம் வரை கூட வருகிறது.

இங்கே ஒன்றைச் சொல்லிவிட வேண்டும். தூரத்தை வெல்லும் குரல் எங்கள் மரபில் இல்லாத ஒன்றன்று. வட்டக்களரியில் ஆடிய கூத்துக்கு ஒலிவாங்கி எதற்கு? நாலு பக்கமும் சனம் இருக்க, கூத்தைப் பழக்கிய அண்ணாவியார் மத்தளத்தோடு நிற்க, உச்சக் குரலில் எடுக்கும் விருத்தம் களரியின் வெளிச்சத்தைத் தாண்டி இருட்டுக்குள் பாய் விரித்துப் படுத்திருப்பவனையும் எழுப்பும். இசை நாடக நடிகர் காங்கேசன்துறை வி. வி. வைரமுத்துவின் மயான காண்டத்தை நேரில் பார்த்த மூத்தவர்கள், அரிச்சந்திரனாக அவர் பாடத் தொடங்கியதும் கோயில் வீதி முழுவதும் அடங்கிய விதத்தை இன்றைக்கும் சொல்வார்கள். ஆர்மோனியத்தின் மேல் ஏறி நிற்கும் அந்தக் குரலுக்குத் தூரம் ஒரு தடையாக இருக்கவில்லை. அந்தப் பாட்டுமுறையையே தூரம்தான் உருவாக்கியது என்றுகூடச் சொல்லலாம். ஆனால் பாட்டை விட்டுப் பேச்சுக்கு வந்த பின்பும் நாங்கள் அதே தூரத்தை வைத்துக்கொண்டோம். பாடி நிரப்ப வேண்டிய வெளியைப் பேசி நிரப்பப் பார்த்தோம். முடியாதபோது ஒலிவாங்கியை வாங்கினோம்.

பேச்சு நாடகம் இங்கே வேறு வழியாக வந்தது. கலையரசு க. சொர்ணலிங்கம் தமிழ்நாட்டின் பம்மல் சம்பந்த முதலியாரைக் குருவாக வரித்து, முன்பக்கம் மட்டும் திறந்த படச்சட்ட மேடையும் திரைச்சேலையும் ஒத்திகை ஒழுங்குமாக ஒரு புதிய முறையை இலங்கைத் தமிழருக்குப் பழக்கினார். அவருடைய மேடையில் பேசப்பட்ட தமிழ் பெரும்பாலும் ஏட்டுத் தமிழ். புலோலியில் பிறந்த பேராசிரியர் க. கணபதிப்பிள்ளைதான் அந்தத் தமிழை இறக்கி வைத்துவிட்டு, திண்ணையில் பேசும் பேச்சை அப்படியே எழுதினார். 1940இல் வெளிவந்த அவருடைய ‘நானாடகம்’ என்ற தொகுப்பில் ‘உடையார் மிடுக்கு’, ‘முருகன் திருகுதாளம்’, ‘கண்ணன் கூத்து’, ‘நாட்டவன் நகர வாழ்க்கை’ என நான்கு நாடகங்கள் இருக்கின்றன. மொழியியல் படித்தவர் என்பதால் காது கூர்மையானது. யார் எந்த ஊர், யாருக்கு எவ்வளவு காணி, யார் யாருக்கு அடங்கிப் பேச வேண்டியவர் என்பதெல்லாம் வசனத்தின் ஒலியிலேயே தெரிந்துவிடும். அவற்றை நான் வாசிக்கும்போதெல்லாம் ஒரு பெரிய மேடை மனத்தில் வருவதில்லை. ஒரு விறாந்தையும் இரண்டு வாங்கும் ஒரு வெற்றிலைத் தட்டும்தான் வரும். உடையார் ஒருவரின் மிடுக்கு, அவர் இருமும் இருமலிலும் மேல்துண்டை உதறும் உதறலிலும் இருக்கிறது. நாற்பதாவது வரிசையில் இருப்பவனுக்கு உதறல் தெரியும், இருமல் தெரியாது.

சின்ன இடத்துக்குரிய நகைச்சுவை இங்கே இல்லாமற் போகவில்லை என்பதற்குக் கரவெட்டிக்காரரான கே. எஸ். பாலச்சந்திரனின் ‘அண்ணை றைற்’ ஒன்றே போதும். ஒற்றை நடிகர்; காட்சியமைப்பு இல்லை; ஒரு பஸ் கொண்டக்ரர், அவ்வளவுதான். ஏறுபவர், இறங்குபவர், மிச்சக் காசுக்குச் சண்டை பிடிப்பவர் எல்லாரும் அவருடைய குரலிலும் தோள் அசைவிலும் வந்து போவார்கள். அது எங்கெங்கோ பெரிய மேடைகளிலும் வானொலியிலும் போனதுதான், பல்லாயிரம் பேர் கேட்டதுதான். ஆனாலும் அது பிறந்த இடம் ஒரு பஸ்ஸின் மிதிபலகை, அதாவது ஒருவர் மூச்சு இன்னொருவர் கழுத்தில் படும் தூரம். அந்த நெருக்கத்தைக் குரலுக்குள் வைத்திருந்தபடியால்தான் எவ்வளவு பெரிய கூட்டத்துக்கு முன்னாலும் அது கெடவில்லை. எல்லாருக்கும் அது கைவராது. மற்றவர்களுக்கு அந்த நெருக்கத்தை இடம்தான் கொடுக்க வேண்டும்.

போர்க்காலம் அதை வேறு வகையில் கொடுத்தது என்பதையும் சொல்லாமல் விட முடியாது. 1990க்குப் பிறகு பல ஆண்டுகள் குடாநாட்டில் மின்சாரம் இருக்கவில்லை. பெற்றோமாக்ஸ் வெளிச்சத்திலும், மண்ணெண்ணெயில் ஓடும் ஜெனரேற்றர் கிடைத்த நாட்களில் அதன் வெளிச்சத்திலும் நாடகங்கள் நடந்தன. குழந்தை ம. சண்முகலிங்கம் 1978இல் தொடங்கிய நாடக அரங்கக் கல்லூரியின் களப்பயிற்சிகளில் வளர்ந்த ஒரு தலைமுறை அப்போது முழு வலுவோடு இருந்தது. 1985இல் அவர் எழுதிய ‘மண் சுமந்த மேனியர்’ ஊரூராகப் போனபோது அது திறந்தவெளிக்கான நாடகம். கவிதையும் கூட்ட அசைவும் அதற்குப் பலம். 1990களின் தொடக்கத்தில் அதே ஆசிரியர் எழுதிய ‘எந்தையும் தாயும்’ முற்றிலும் வேறு. பிள்ளைகள் வெளிநாடு போய்விட, வீட்டில் மிஞ்சிய முதியவர்களைப் பற்றிய நாடகம் அது. அதில் சிரிப்பு வரும் இடமெல்லாம் முதியவர்கள் ஒருவரையொருவர் சீண்டும் இடங்கள்; அழுகை வரும் இடமும் அதுவே. இரண்டுக்கும் இடையில் மூச்சு விடும் நேரம்தான். இந்த வகை எழுத்துக்கு முகம் தெரியும் தூரத்தில் ஆட்கள் இருக்க வேண்டும்.

மேற்கே இந்தத் தேவையை ஒருவர் வெளிப்படையாகக் கேட்டு வாங்கினார். சுவீடன் நாட்டு ஸ்ரிண்ட்பேர்க், 1888இல் தன் நாடகம் ஒன்றுக்கு எழுதிய முன்னுரையில், சிறிய மேடையும் சிறிய பார்வையாளர் கூடமும் வேண்டும், மேடை விளிம்பின் கீழிருந்து முகத்தில் அடிக்கும் விளக்குகளை எடுத்துவிட வேண்டும், ஒப்பனையைக் குறைக்க வேண்டும் என்று ஒரு பட்டியலே போட்டார். பத்தொன்பது ஆண்டுகள் கழித்து, 1907இல், ஸ்ரொக்ஹோமில் அப்படியான அரங்கு அவருக்குக் கிடைத்தது. அதில் 161 இருக்கைகள். 1912இல் மொஸ்கோ கலை அரங்கு தன் முதல் ஸ்ரூடியோவை, அதாவது ஒரு சிறிய பயிற்சி அரங்கை, தொடங்கியது. அங்கே பெரிய அரங்குகளுக்கு எதிராக எழுந்த தேவை இங்கே கல்யாண மண்டபங்களுக்கு எதிராக எழுகிறது, வேறுபாடு அவ்வளவுதான்.

இப்போது நான் போய்வரும் அறைக்கு வருகிறேன். நகரத்தில் ஒரு கடையின் மேல்மாடி. முன்பு தனியார் வகுப்பு நடந்த இடம். சுவரில் கறுப்புத் துணி தொங்குகிறது, 60 பிளாஸ்ரிக் கதிரைகள் மூன்று பக்கமாக ஆடுகளத்தைச் சுற்றி நிற்கின்றன, நாலு விளக்குகள் ஒரு இரும்புக் குழாயில் கட்டப்பட்டிருக்கின்றன. மின்விசிறியைப் போட்டால் வசனம் கேளாது. நிறுத்தினால் வைகாசி மாதத்தில் இருக்க முடியாது. ஆகவே காட்சிக்குக் காட்சி இடையில் விளக்கை அணைத்து மின்விசிறியைப் போடுகிறார்கள். சனமும் இருட்டில் இருந்து வியர்வையைத் துடைத்துக்கொள்கிறது. நடத்துபவர்கள் பெரும்பாலும் நாடகமும் அரங்கியலும் படித்து முடித்து, ஆசிரியர் நியமனத்துக்குக் காத்திருக்கும் இளைஞர்கள். மாலையில் ஒரு நகைச்சுவையும் ஒரு கனமான நாடகமும், ஒவ்வொன்றும் முக்கால் மணி நேரத்துக்கு மேல் போகாமல் போடுவது அவர்கள் வழக்கம்.

அண்மையில் அவர்கள் எடுத்த நகைச்சுவை, ரஷ்ய எழுத்தாளர் செக்கோவ் 1888இல் எழுதிய ‘கரடி’ என்ற ஓரங்க நாடகத்தின் தழுவல். மூலத்தில் கணவனை இழந்த ஓர் இளம் பண்ணைக்காரி, இறந்தவன் மேல் விசுவாசத்தைக் காட்ட வீட்டை விட்டு வெளியே வராமல் துக்கம் காக்கிறாள். கணவனுக்குக் குதிரைத் தீனி விற்ற கடன்காரன் ஒருவன் பணம் கேட்டு வந்து, போகமாட்டேன் என்று குந்திவிடுகிறான். வாய்ச்சண்டை முற்றி, இருவரும் துப்பாக்கிச் சண்டைக்கு நாள் குறிக்காமல் அந்த இடத்திலேயே இறங்குகிறார்கள். அவளுக்குத் துப்பாக்கி பிடிக்கத் தெரியாது, அவன்தான் சொல்லிக்கொடுக்கிறான், சொல்லிக்கொடுக்கும்போதே காதலிக்கத் தொடங்கிவிடுகிறான். இறந்த கணவனின் குதிரைக்குக் கூடுதல் தீனி போடச் சொல்லி நாடகத்தின் தொடக்கத்தில் கட்டளையிட்ட அதே பெண், முடிவில் இன்றைக்குத் தீனி வேண்டாம் என்று சொல்கிறாள்.

இதை யாழ்ப்பாணத்துக்குக் கொண்டுவர நினைப்பவருக்கு இரண்டு இடங்களில் கை நடுங்கும். ஒன்று குதிரை. இவர்கள் அதை மொறிஸ் மைனர் ஆக்கினார்கள். கணவரான வாத்தியார் இறந்து ஒரு வருடமாகியும், காலையில் வேலைக்காரப் பொடியன் காரை ஸ்ராட் பண்ணி அஞ்சு நிமிடம் ஓடவிட்டு நிறுத்த வேண்டும், சீற்றைத் துடைக்க வேண்டும் என்பது அம்மாவின் கட்டளை. கடன்காரர் கராச் வைத்திருப்பவர். கார்புரேற்றரிலிருந்து கிளச் வரை வாத்தியார் கடனுக்குப் போட்ட சாமான்களின் பில் துண்டுகளை அவர் கையோடு கொண்டுவந்திருக்கிறார். இது பொருந்திய பொருத்தத்தைப் பற்றி நான் அதிகம் சொல்லத் தேவையில்லை. பழைய காரை நேசித்த ஒரு வாத்தியார் இல்லாத ஊர் குடாநாட்டில் இல்லை.

மற்றது துப்பாக்கி. மூன்றடி தூரத்தில் இருக்கும் யாழ்ப்பாணத்துப் பார்வையாளர் முன்னால் ஒரு துப்பாக்கியை, அது மரத்தால் செய்ததாக இருந்தாலும், சிரிப்புக்காக எடுக்க முடியுமா? பெரிய மண்டபத்தில் எடுத்திருக்கலாம். அங்கே அது வெறும் மேடைப்பொருள். இந்த அறையில் அதைக் கண்டதும் நாற்பது வயதுக்கு மேற்பட்டவர் ஒவ்வொருவருக்கும் ஒவ்வொரு முகம் நினைவுக்கு வந்திருக்கும், நகைச்சுவை அந்த இடத்திலேயே செத்திருக்கும். இவர்கள் துப்பாக்கிக்குப் பதிலாக வழக்கை வைத்தார்கள். எங்கள் முன்னோர் காணி எல்லையில் ஒரு முழத்துக்காக அப்புக்காத்துமாருக்குத் தோட்டத்தையே எழுதிக்கொடுத்த சனம்தானே. “கோட்டிலை சந்திப்பம்” என்று கராச்சுக்காரர் எழும்ப, “இப்பவே எழுதுறன், இருங்கோ” என்று அம்மா கடதாசியை எடுக்கிறார். ஆனால் முறைப்பாடு எழுதத் தெரியாது. எதிராளியே பக்கத்தில் கதிரையை இழுத்துப்போட்டு, தனக்கெதிரான வழக்குக்கு வாசகம் சொல்லிக்கொடுக்கிறார். “அத்துமீறி உட்புகுந்து எண்டு போடுங்கோ. அது பலமான வசனம்.” அம்மா எழுதுகிறார். “அம்மா, ‘அத்துமீறி’க்கு வல்லின றி.” அவர் திருத்தி எழுதும்போது கராச்சுக்காரர் அந்தக் கையெழுத்தைப் பார்க்கிறார். வசனம் ஒன்றுமில்லை. அந்தப் பார்வைக்கு அறை சிரித்த சிரிப்பு, நான் பெரிய மண்டபம் எதிலும் கேட்காத சிரிப்பு. முதல் வரிசையில் இருந்த ஒரு ஓய்வுபெற்ற ஆசிரியை எழும்பி எட்டி அந்தக் கடதாசியைப் பார்க்கவே தொடங்கிவிட்டார். நல்லவேளை, நடிகை உண்மையாகவே எழுதிக்கொண்டிருந்தார்.

இந்த அறையில் எதையும் பாவனை பண்ண முடியாது என்பதை அந்தக் குழு கஷ்டப்பட்டுத்தான் பழகியிருக்கிறது. வெறுங் கோப்பையிலிருந்து தேநீர் குடிப்பவரை யாரும் நம்பமாட்டார்கள். கோப்பைக்குள் என்ன இருக்கிறது என்று இரண்டாவது வரிசைக்கும் தெரியும். பவுடர் போட்டு நரைக்க வைத்த தலை பவுடராகவே தெரியும், ஒட்டு மீசையின் பசை மினுங்கும். ஆகவே நாற்பது வயதுப் பாத்திரத்துக்கு நாற்பது வயதுக்காரரைத் தேடுகிறார்கள், அதனால் இந்தக் குழுவுக்குள் ஒரு வங்கி முகாமையாளரும் ஒரு தபாற்காரரும் வந்து சேர்ந்திருக்கிறார்கள். கராச்சுக்காரராக நடித்தவர் உண்மையில் தபாற்காரர். நடிப்புப் பயிற்சி இல்லாதவர். ஆனால் வீட்டுவாசலில் நின்று, உள்ளே வரச் சொல்வார்களா மாட்டார்களா என்று தெரியாமல் ஒரு காலை மட்டும் படியில் வைத்து நிற்கும் நிலையை அவரைப் போல நிற்க அரங்கியல் படித்த யாராலும் முடியவில்லை. “இருங்கோ, தேத்தண்ணி குடிச்சிட்டுப் போகலாம்” என்று அம்மா தொடக்கத்தில் சொல்வது போய்த்தொலை என்ற பொருளில். தேத்தண்ணி வருவதே இல்லை. நாடகம் முடியும்போது மெய்யாகவே வருகிறது, இஞ்சி மணம் அறை முழுக்க. மூலத்தில் அந்த இடத்தில் முத்தம். பொடியன் வந்து காரை ஸ்ராட் பண்ணட்டோ என்று கேட்க, அம்மா வேண்டாம் என்கிறார்.

அதற்குப் பின் வந்தது கனமான நாடகம். இந்த வரிசை சரியா என்று குழுவுக்குள் ஒரு வாதம் நடந்ததாகக் கேள்விப்பட்டேன். கனத்தை முதலில் போட்டுவிட்டு, சனத்தைச் சிரிக்க வைத்து வீட்டுக்கு அனுப்ப வேண்டும் என்றார் ஒரு சாரார். என் கட்சி மற்றப் பக்கம். இசை நாடகத்தில் பபூன் வந்து சிரிக்க வைத்துவிட்டுப் போன பிறகுதான் ராசா வருவார். சிரித்து இளகிய கூட்டம் துக்கத்தைக் கேட்கத் தயாராக இருக்கும் என்பது அந்தக் காலத்து ஆட்டக்காரருக்குத் தெரிந்திருந்தது. சிரிக்கும்போது ஒருவரையொருவர் பார்த்துக்கொண்ட அறுபது பேர், அடுத்த நாடகத்தில் தனித்தனி ஆட்களாக இருக்கமாட்டார்கள்.

இரண்டு பேர் மட்டும் நடித்த அந்த நாடகத்தைக் குழுவே எழுதியது. காணாமல் ஆக்கப்பட்ட மகனைப் பற்றிய படிவமொன்றை நிரப்ப ஒரு தாய் கந்தோருக்கு வருகிறார். எழுதுவினைஞர் கேள்விகளை வாசிக்கிறார். தொடக்கத்தில் இதுவும் நகைச்சுவை போலத்தான் போகிறது. எழுதுவினைஞரின் பேனை எழுதவில்லை. தாய் தன் கைப்பையிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுக்கிறார், எத்தனையோ கந்தோர் ஏறி இறங்கிய அனுபவம் அது. “தம்பி, போன முறை இந்தக் கேள்வி ஒன்பதாவதாய் இருந்தது” என்கிறார். சிரித்தோம். அங்க அடையாளம் என்ற கேள்விக்கு இடது முழங்காலில் தழும்பு என்று தொடங்கி, அது எந்த வேலியைப் பாய்ந்தபோது வந்தது, அந்த வேலி யாருடையது, அந்த வீட்டுக்காரி என்ன பேசினாள், தான் அவளுக்கு என்ன பேசினேன் என்று அவர் சொல்லிக்கொண்டு போக, எழுதுவினைஞர் “அம்மா, கட்டத்துக்குள்ள அவ்வளவு எழுத ஏலாது” என்கிறார். அதற்கும் ஒரு சிலர் சிரித்தார்கள். அடுத்த கேள்வி, கடைசியாகக் கண்ட இடம். தாய் பதில் சொல்லாமல் இருந்தார். அந்த இருப்பு எவ்வளவு நேரம் என்று எனக்குத் தெரியாது. பெரிய மண்டபத்தில் அவ்வளவு நேரம் ஒருவர் பேசாமல் இருந்தால் வசனம் மறந்துவிட்டது என்று நினைத்துப் பின்வரிசையில் விசில் அடித்திருப்பார்கள்.

இவ்வளவு கிட்ட இதைச் செய்யலாமா என்ற கேள்வி எனக்கு உண்டு, இன்னும் தீரவில்லை. யாழ்ப்பாணத்தில் எந்த அறுபது பேரைக் கூட்டினாலும் அதற்குள் அப்படியொரு படிவத்தை நிரப்பியவர் ஒருவராவது இருப்பார். தூரத்து மேடை அவருக்கு ஒரு மறைப்பைக் கொடுக்கிறது. அவர் அழுவதைப் பக்கத்தில் இருப்பவர்கூடக் கவனிக்கமாட்டார். இங்கே மூன்று பக்கமும் இருப்பவர்கள் அவரைப் பார்க்கிறார்கள். அன்றைக்கு நாடகம் முடிந்து கலந்துரையாடல் தொடங்கியபோது, பின்னால் இருந்த ஒரு வயதான பெண் எழும்பி, நடிப்பைப் பற்றி ஒன்றும் சொல்லாமல், “அந்தப் படிவத்திலை இன்னொரு கேள்வி இருக்கு. நீங்கள் அதை விட்டிட்டியள்” என்றார். என்ன கேள்வி என்று கேட்டார்கள். சொன்னார். அடுத்த காட்சியில் அதைச் சேர்த்தார்கள். அவர் மறுபடியும் வந்திருந்தார் என்று பின்னர் அறிந்தேன். இதனால் என் கேள்வி தீர்ந்துவிட்டது என்று சொல்லமாட்டேன். ஆனால் மேடையை நோக்கி அப்படி ஒரு திருத்தம் சொல்ல, மேடை கைக்கெட்டும் தூரத்தில் இருக்க வேண்டும்.

யன்னலைப் பற்றியும் சொல்ல வேண்டும். அறை வீதிக்கு மேலே. அந்தக் காட்சியின் நடுவில் பாண் விற்கும் ஓட்டோ தன் வழக்கமான இசையோடு கீழே போனது. வேறு நடிகை என்றால் அது போய் முடியும்வரை உறைந்து நின்றிருப்பார். இவர் யன்னல் பக்கம் தலையைத் திருப்பி, “அவனுக்கு அந்தச் சங்கீத பாண்காரனைக் கண்டா...” என்று தொடங்கி, பிறகு, “இல்லை, அப்ப உது வாறேல்லை” என்று நிறுத்தினார். இது ஒத்திகையில் இல்லாத வசனம். அதை இனிமேல் ஒவ்வொரு முறையும் வைத்துக்கொள்ளலாமா என்று பிறகு கேட்டார்கள்; ஓட்டோ ஒவ்வொரு முறையும் வருமா என்றேன்.

குறைகளும் இருக்கின்றன. அரங்கம் சிறிதானாலும் சம்பிரதாயம் சிறுக்கவில்லை. மங்கள விளக்கேற்றல், வரவேற்புரை, ஆசியுரை, சிறப்பு விருந்தினர் உரை எல்லாம் இந்த 60 கதிரைக்கும் உண்டு. முக்கால் மணி நேர நாடகத்துக்கு முன் ஒரு மணி நேரம் பேச்சுக் கேட்ட மாலைகளும் இருந்திருக்கின்றன. பேச்சாளர்களில் ஒருவராவது ஒலிவாங்கி இல்லையா என்று கேட்பார். ரிக்கற் போடத் தயங்குகிறார்கள். நாடகம் சும்மா பார்க்க வேண்டியது என்று சனத்தைப் பழக்கியது போருக்குப் பிறகு வந்த தொண்டு நிறுவனங்களின் விழிப்புணர்வு நாடகங்கள். அவற்றில் பார்வையாளருக்குச் சிற்றுண்டியும் கொடுத்தார்கள், முடிவையும் முன்கூட்டியே கொடுத்தார்கள். பெண் நடிகர்களைச் சேர்ப்பதும் கடினம். வீட்டில் விட மறுப்பது முன்பிருந்த காரணம். இப்போது பெரிய காரணம் பஸ். பருத்தித்துறைப் பக்கமோ காரைநகர்ப் பக்கமோ இருந்து வரும் பெண்ணுக்கு ஒத்திகை முடிந்து திரும்ப வழி இல்லை. ஆகவே ஒத்திகை ஞாயிறு மத்தியானத்துக்குப் போய்விட்டது, தபாற்காரரும் முகாமையாளரும் ஞாயிறு மத்தியானத் தூக்கத்தைத் துறந்திருக்கிறார்கள்.

திருமறைக் கலாமன்றம் போல 1965 முதல் தொடர்ந்து இயங்கி, தனக்கென இடமும் பயிற்சி ஒழுங்கும் தேடிக்கொண்ட அமைப்புகள் இந்த ஊரில் உண்டு. அப்படி ஒன்றின் கீழ் போய்ச் சேர்ந்தால் இடப்பிரச்சினை தீரும் என்று குழுவிடம் பலர் சொல்கிறார்கள். நான் வேறொன்று சொல்லிவருகிறேன். யாழ்ப்பாணத்தில் சிறிய அரங்குகள் ஏற்கெனவே கட்டப்பட்டிருக்கின்றன, பூட்டியும் இருக்கின்றன. நல்லூரிலும் கொக்குவிலிலும் கோப்பாயிலும், இப்போது கனடாவிலும் லண்டனிலும் இருப்பவர்களுக்குச் சொந்தமான நாற்சார் வீடுகள் எத்தனை! நடுவில் வானம் பார்த்த முற்றம், நாலு பக்கமும் தாழ்வாரம், தாழ்வாரத்தில் பாய் விரித்தால் எண்பது பேர் இருக்கலாம். சுவர் குரலைத் திருப்பித் தரும், மின்விசிறி வேண்டாம். வட்டக்களரியில் போல நாலு பக்கமும் பார்வையாளர், ஆனால் பேச்சுக்கு ஏற்ற தூரத்தில். ஐப்பசி, கார்த்திகை, மார்கழி மழைக்கு அது சரிவராது. தை பிறந்தால் புரட்டாசிவரை தாராளமாகப் போடலாம். ‘உடையார் மிடுக்கு’ போன்ற ஒன்றை அப்படியொரு தாழ்வாரத்தில், உடையார் மெய்யான மரத்தூணில் சாய்ந்திருக்கப் பார்க்க வேண்டும் என்பது என் ஆசை.

கொக்குவிலில் ஒரு வீட்டுக்காரருக்கு இது பற்றி எழுதியிருந்தோம். அவர் கனடாவில் இருக்கிறார். வீட்டைப் பார்ப்பது அவருடைய ஒன்றுவிட்ட தமையன். நல்ல விடயம்தான், ஆனால் சனம் செருப்போடு உள்ளே வருமா என்று முதலில் கேட்டார். வராது என்று எழுதினோம். இப்போது கிணற்று மோட்டருக்கும் விளக்குகளுக்கும் வரும் மின்சாரக் கட்டணத்தை யார் கட்டுவது என்று கேட்டிருக்கிறார். நாடகம் எதைப் பற்றியது என்று இன்னும் கேட்கவில்லை.